குழந்தையின் வலி: அறிதலும் தணித்தலும்

பாரத நாட்டின் தென்கோடி கன்னியாகுமரி என்றே பலரும் கூறுவர். உண்மையில் அது பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனையாகிய இந்திரா முனையாகும். அத்தீவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள கேம்பல் பே என்னும் சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1969ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரரின் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. பஞ்சாபியரும் மராத்தியரும் தெலுங்கரும் மலையாளிகளும் தமிழரும் காட்டைத் திருத்தித் தென்னையும் கமுகும் வைத்தனர். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தெற்கே நீண்டிருந்த குடியிருப்புகளை அழித்தது. உயிர் தப்பியோர் கேம்பல் பேயை ஒட்டி மீண்டும் வாழ்வு அமைத்தனர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தீவு முழுவதிலும் வாழ்ந்தோர் ஏறத்தாழ எட்டாயிரம் பேரே.

ஊரில் அரசினர் மருத்துவ நிலையம் உண்டு. ஆயினும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்லவேண்டிய ஜி. பி. பந்த் மருத்துவமனை, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரில் இருக்கிறது. இடையிலுள்ள தூரம் 500 கிலோமீட்டருக்கும் அதிகம். வழியெல்லாம் கடல். ஹெலிகாப்டர் புறப்படுவதற்கு வானம் இசைய வேண்டும். கப்பல் புறப்படுவதற்குக் கடல் இசைய வேண்டும். சென்னையில் கைபிசகிய குழந்தையைக் கால் மணி நேரத்தில் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டு சேர்த்துவிடலாம். இங்கோ, இது இரவு முழுவதும் பொறுக்கக்கூடிய காயமா, உடனே ஹெலிகாப்டரை வேண்டத்தக்க காயமா என்று தாயோ, பள்ளி ஆசிரியரோ, செவிலியரோ முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அத்தீர்மானத்துக்கு அவர்களிடமுள்ள முதற் சான்று குழந்தையின் வலியே. அதைச் சரியாகப் படித்தறிவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

சிசுவுக்கு வலி இல்லையா?

குழந்தையின் வலியை மருத்துவ உலகம் நெடுங்காலம் படிக்கவே முயலவில்லை என்பது வியப்புக்குரிய செய்தி. பிறந்த சிசுவின் மூளை முதிர்ச்சியடையாதது, ஆதலின் அதற்கு வலி உணர்ச்சி அற்பம் என்ற கருத்து வேரூன்றியிருந்தது. 1941இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மிர்ட்டில் மெக்ரா, சிசுக்களை ஊசி முனையால் குத்தி அவற்றின் எதிர்வினைகளைக் குறித்துவைத்தார். பிறந்த சில நாட்களுக்குள் சில சிசுக்கள் தெளிவான எதிர்வினை காட்டவில்லை என்ற அவருடைய கூற்று இக்கருத்துக்குத் துணையாயிற்று. இதன் விளைவு கொடியது. 1980ஆம் ஆண்டுகள் வரை, குறைமாதச் சிசுக்கள் பலவற்றுக்குத் தசைகளை அசையவிடாத மருந்தும் சிறிதளவு நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவும் மட்டும் கொடுத்து மார்பைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்து வந்தனர். அசையாத உடல் அழுவதில்லை. அழாததால் வலியில்லை என்று கொண்டனர்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் இந்தூரில் மருத்துவம் பயின்று, ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்னும் இந்தியர். அறுவைக் கூடத்திலிருந்து திரும்பிய சிசுக்கள் சென்றபோதிருந்ததைவிட மோசமான நிலையில் வருவதை அவர் கண்டார். இதயத்தருகே மூடாதிருக்கும் இரத்தக்குழாயைக் கட்டும் சிகிச்சைக்கு வந்த குறைமாதச் சிசுக்களை இரு பிரிவுகளாக்கினார். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறையே பின்பற்றப்பட்டது. மற்றதற்கு ஃபென்டனில் என்ற வலுவான வலி நீக்கி மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. மருந்து பெறாத சிசுக்களின் இரத்தத்தில், உடல் பெரும் இன்னலுக்கு உள்ளாகும்போது சுரக்கும் ஹார்மோன்கள் மிகுதியாகப் பெருகின. அறுவைக்குப் பின் அவற்றுக்குச் சிக்கல்களும் அதிகம் நேர்ந்தன. 1987இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் மருத்துவ வழக்கத்தைத் திருப்பியது. வலி என்பது அழுகையன்று, அழுகை அதன் ஓர் அடையாளம் மட்டுமே என்பது இரத்தப் பரிசோதனையாலேயே நிலைநாட்டப்பட்டது. வாயால் சொல்ல இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்பதைச் சர்வதேச வலி ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் திருத்திய தன் வரையறையின் குறிப்புகளில் வலியுறுத்தியுள்ளது.

சொல்லும் முகமும்

வலியைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இசிவு, விண்விண்ணென்று தெறித்தல் என ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்ச்சியைச் சுட்டும். பெரியவர் ஒருவர் நெருப்புப் பட்டாற்போல் எரிகிறது என்றால் நரம்பையும், விண்ணென்று தெறிக்கிறது என்றால் சீழ்க்கட்டையும் டாக்டர் முதலில் நினைப்பார். ஐந்து வயதுக் குழந்தைக்கு இச்செல்வம் இன்னும் கைவரவில்லை. அதற்குத் தெரிந்தது பெரும்பாலும் 'வயிறு வலிக்குது' என்ற ஒரு வாக்கியமே. தொண்டை அழற்சியிலும், நுரையீரலின் அடிப்பகுதியில் தோன்றும் நிமோனியாவிலும், சிறுநீர்த்தாரை நோயிலுங்கூடக் குழந்தை வயிற்றைத்தான் காட்டும். கேம்பல் பே போன்ற ஊரிலோ, நிக்கோபாரி மொழி பேசும் சிறுவன் இந்தி பேசும் செவிலியரிடம் மலையாளியான பக்கத்து வீட்டுக்காரர் வாயிலாகத் தன் நோவைச் சொல்ல நேரிடலாம். ஆகவே மொழியைச் சாராத அளவுகோல் வேண்டும்.

அத்தகைய அளவுகோல்களுள் எளியது, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997இல் வெளியிடப்பட்டது. இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இது பொருந்தும். முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகிய ஐந்தையும் கவனித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடவேண்டும். முகம் சாதாரணமாயிருந்தால் 0. அவ்வப்போது சுளித்தால் 1. தாடை இறுகி மோவாய் ஓயாமல் நடுங்கினால் 2. கால்கள் தளர்ந்து கிடந்தால் 0. உதைத்தாலோ வயிற்றோடு மடக்கிக்கொண்டாலோ 2. தாயின் மடியில் அணைத்தவுடன் அடங்கும் அழுகைக்கும், எவ்வளவு தேற்றியும் அடங்காத அழுகைக்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தாயும் அறிவாள். இம்முறை அவ்வறிவுக்கு எண் கொடுத்தது, அவ்வளவே. மொத்தம் 10. ஒரு தடவை இட்ட எண்ணைக் காட்டிலும், மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து இடும் எண்ணே பயனுள்ளது. அது குறையவில்லையெனில், காயம் நினைத்ததைவிடப் பெரிது என்று பொருள்.

நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தை தானே சொல்லக்கூடும். வரிசையாக வரைந்த ஆறு முகங்களைக் காட்டி, இதில் உன் வலி எது என்று கேட்கும் முறை 2001 முதல் பரவலாக உள்ளது. ஒரு கோடியில் வலியற்ற முகம், மறுகோடியில் தாங்கொணா வலியின் முகம். எந்தத் தாயும் ஒரு தாளில் இதனை வரைந்துகொள்ளலாம். ஆனால் சிரிக்கும் முகத்தையும் கண்ணீர் வடிக்கும் முகத்தையும் வரையலாகாது. வரைந்தால் குழந்தை வலியை விட்டுத் தன் மகிழ்ச்சியையோ துயரத்தையோ காட்டிவிடும்.

கூச்சலிடும் குழந்தையைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அனுபவமுள்ள செவிலியர் அஞ்சுவது அமைதியான குழந்தையைக் கண்டு. விழுந்த பின் அழாமல், விளையாடாமல், ஓர் உறுப்பை அசைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் குழந்தை, அசைந்தால் வலிக்கும் என்று கற்றுக்கொண்ட குழந்தையாக இருக்கலாம்.

முழங்கைக்கு மேல் ஓர் எலும்பு

மரத்திலிருந்தோ, படகிலிருந்தோ, பள்ளித் திண்ணையிலிருந்தோ விழும் குழந்தை தன்னைக் காத்துக்கொள்ளக் கையை நீட்டி ஊன்றும். விழுந்த வேகம் முழுவதும் முழங்கைக்குச் சற்று மேலே, புய எலும்பு மெலிந்து தட்டையாகும் இடத்தில் சேர்ந்து, அங்கே எலும்பு முறியும். குழந்தைகளின் முழங்கை முறிவுகளுள் மிகுதியானது இதுவே. ஐந்து முதல் ஏழு வயது வரை இது அதிகம் காணப்படுகிறது. முறிந்த எலும்பின் கூரிய முனைக்கு நேர் முன்னே கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியும் ஒரு முக்கிய நரம்பும் ஓடுகின்றன. இம்முறிவின் அபாயம் எலும்பில் இல்லை, அந்தத் தமனியில்தான் இருக்கிறது.

முன்கைத் தசைகள் உறுதியான உறைகளுக்குள் அடங்கியவை. இரத்த ஓட்டம் தடைப்பட்டாலும், உள்ளே வீக்கம் பெருகினாலும் உறை விரிந்து கொடுப்பதில்லை. உள்ளழுத்தம் ஏறி, நுண்ணிய இரத்தக்குழாய்கள் நசுங்கித் தசை பட்டினியில் மடியத் தொடங்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின் அச்சேதம் மீளாதது. மாண்ட தசை நாராகிச் சுருங்கி, விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்து நிலைத்துவிடும். இறுக்கமான கட்டுகளுக்குப் பின் நேரும் இவ்வூனத்தை 1881இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபான் வோல்க்மன் விவரித்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் நாட்டில் இது மறையவில்லை. மூங்கிற் பட்டையும் துணியும் வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டு இதற்கு ஒரு பெருங்காரணம். புத்தூர்க் கட்டு என்ற பெயரில் தமிழகமெங்கும் வழங்கும் இவ்வைத்தியத்துக்குப் பெரும் புகழ் உண்டு. குழந்தையின் எலும்பு பசுங்கொம்பு போன்றது. ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்கும் பல முறிவுகள் யார் கட்டினாலும் சில வாரங்களில் கூடிவிடும். அப்புகழில் பெரும்பங்கு அம்முறிவுகளுக்கு உரியது. முழங்கை முறிவு அவ்வினத்தைச் சேர்ந்ததன்று.

இங்கேதான் வலியைப் படிக்கும் கலை ஒரு கையையே காக்கிறது. சாதாரண முறிவின் வலி, கை அசையாதபடி தாங்கப்பட்டதும் குறையும். தசை மடியும் வலியோ நேரம் செல்லச் செல்ல ஏறும், மருந்துக்கு அடங்காது, குழந்தையின் விரலை மெதுவாக நிமிர்த்தினால் முன்கையில் தாங்கமுடியாததாகும். சொல்லத் தெரியாத குழந்தையிடம் மூன்று அறிகுறிகளைத் தேடவேண்டும் என்பர் நிபுணர்: காரணமற்ற பதைப்பு, ஓயாத அமைதியின்மை, அடிக்கடி அதிக வலி மருந்து தேவைப்படுதல். விரல் வெளுப்பதும், மரப்பதும், நாடி மறைவதும் தாமதமாக வரும் அறிகுறிகள். அவற்றுக்காகக் காத்திருத்தல் ஆபத்து. அடங்காத வலி கண்டவுடன் கட்டு முழுவதையும் தளர்த்தி, உட்பஞ்சு வரை பிரித்து, அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்.

முதலுதவி மிக எளிது. வளையல், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய மந்திரக் கயிறு யாவற்றையும் வீக்கம் ஏறுமுன் கழற்றுக. கையை முழுவதும் நீட்டவும் வேண்டாம், முழுவதும் மடக்கவும் வேண்டாம். குழந்தைக்கு இதமான சற்றே வளைந்த நிலையில் அட்டையும் பஞ்சும் வைத்துத் தளர்வாகத் தாங்குக. எண்ணெய் தேய்த்து உருவுதல் அறவே கூடாது. நரம்புகளைச் சோதிக்க ஒரு விளையாட்டு போதும். கல், காகிதம், கத்தரிக்கோல் ஆட்டத்தை நம் பிள்ளைகள் அறிவர். விரல்களை மூடிக் கல்லாக்குவது ஒரு நரம்பின் வேலை. விரித்துக் காகிதமாக்குவது இரண்டாவதன் வேலை. இரு விரல்களை அகற்றிக் கத்தரியாக்குவது மூன்றாவதன் வேலை. இவற்றோடு கட்டைவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வட்டமாக்கச் சொன்னால், இம்முறிவில் அடிக்கடி நசுங்கும் கிளை நரம்பும் சோதிக்கப்பட்டுவிடும். புறப்படுமுன் ஆடிய ஆட்டத்தைக் கப்பலிலும் மணிக்கொரு தடவை ஆடவேண்டும்.

இதற்கு நேர்மாறாக, அச்சமூட்டி எளிதில் தீர்வதும் ஒன்று உண்டு. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துச் சட்டென்று தூக்கினாலோ இழுத்தாலோ, முன்கை எலும்பின் தலை தன்னைச் சுற்றியுள்ள தசைநார் வளையத்திலிருந்து சற்றே நழுவும். வீக்கம் இராது, குழந்தை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உபயோகிக்க மறுக்கும். டாக்டர் ஒரு திருப்புத் திருப்பினால் சில நிமிஷங்களில் அதே கையை நீட்டி மிட்டாய் கேட்கும்.

மருந்து நோயை மறைக்குமா?

வலியைத் தணித்துவிட்டால் டாக்டரால் நோயைக் கண்டறிய இயலாது என்ற அச்சம் மக்களிடையே மட்டுமன்று, ஒரு காலத்தில் மருத்துவரிடையேயும் இருந்தது. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஸக்கரி கோப் 1921இல் வெளியிட்ட வயிற்று நோய் நூல், அறுவை மருத்துவர் பார்க்குமுன் மார்பின் கொடுப்பதைக் கண்டித்தது. தலைமுறைகள் அதைப் பின்பற்றின. பிற்காலத்துச் சோதனைகள், குழந்தைகளிடம் நடந்தவை உட்பட, வலி தணிந்த நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது எளிதாகிறதேயன்றி நோய் மறைவதில்லை என்று காட்டின. நெடுந்தூரம் செல்லவேண்டிய குழந்தைக்கு மருந்தை மறுப்பதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் இல்லை.

மிதமான வலிக்குப் பாராசிட்டமால், மூன்று மாதத்துக்கு மேற்பட்டோர்க்கு ஐபுப்ரோஃபென். கடுமையான வலிக்கு டாக்டரின் மேற்பார்வையில் மார்பின். 2012இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த படிகள் இவையே. பாராசிட்டமாலின் அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது. கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. பிழை நேர்வது புட்டியில். நம் கடைகளில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள திரவமும், 250 மில்லிகிராம் உள்ள திரவமும், ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் அடங்கிய சொட்டு மருந்தும் கிடைக்கின்றன. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வேண்டிய 180 மில்லிகிராம், முதலாவதில் 7.2 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3.6, மூன்றாவதில் 1.8. ஒரு மூடி என்று அளக்கும் வீட்டில் இவ்வேறுபாடு ஈரலைப் பாதிக்கும் அளவுக்குச் செல்லக்கூடும்.

ஐபுப்ரோஃபெனை வாந்தி பேதியால் நீர் வற்றிய குழந்தைக்கும், டெங்கு என ஐயமுற்ற குழந்தைக்கும் கொடுக்கலாகாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டாம். மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு நோய்க்கு அது துணைபோகும். 12 வயதுக்குட்பட்டோர்க்கு நிமிசுலைடு கொடுப்பது 2011 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. கோடீனும் அவ்வயதினர்க்கு ஏற்றதன்று. மார்பின் கிடைப்பதில் இருந்த சட்டச் சிக்கல்களை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்தியது.

நெருப்பும் கடலும்

தீப்புண்ணுக்கும் கொதிநீர்ப் புண்ணுக்கும் முதல் மருந்து குழாய் நீரே. இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும்; தாமதமானாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பனிக்கட்டியும் மையும் பற்பசையும் மஞ்சளும் வேண்டாம். குளிர்ந்த நீர் காயத்தின் ஆழத்தையும் வலியையும் ஒருங்கே குறைக்கிறது. கடலோரக் குழந்தைக்கு நேரும் மற்றொரு காயத்துக்கு முறை நேர் எதிர். திருக்கை வாலின் முள்ளோ, கல்மீனின் முள்ளோ தைத்தால் உண்டாகும் வலி மிகக் கொடியது. இவற்றின் நஞ்சு வெப்பத்தில் கெடும் இயல்புடையது. ஏறத்தாழ 45 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 30 முதல் 90 நிமிஷம் வரை அவ்வுறுப்பை வைத்திருந்தால் வலி தணியும். சூட்டைப் பெரியவர் ஒருவர் முதலில் தம் கையால் பார்க்க வேண்டும். வலியால் துடிக்கும் குழந்தைக்கு வெந்நீர் சுடுவது தெரியாது.

தலையில் அடிபட்ட குழந்தை மீண்டும் மீண்டும் வாந்தியெடுத்தாலும், எழுப்ப எழுப்ப உறங்கினாலும், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிந்தாலும், கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவு மாறுபட்டாலும் பொறுத்திருக்கலாகாது.

இடம் மாறிய வலி

வலிக்கும் இடமும் நோயுள்ள இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. முழங்கால் வலி என்று நொண்டும் சிறுவனின் நோய் இடுப்பு மூட்டில் இருக்கலாம். இரண்டுக்கும் உணர்ச்சி கொண்டுசெல்லும் நரம்புகள் பொதுவானவை. முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்ட குழந்தைகள் மாதக்கணக்கில் நொண்டியதுண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் திடீரென அடிவயிறு வலிக்கிறதென்று வாந்தியெடுத்தால் விதைப்பையையும் பார்க்க வேண்டும். விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை தேவை. சிறுவன் வெட்கத்தால் வயிறு என்றே சொல்வான்.

காயமும் அதற்குக் கூறப்படும் காரணமும் பொருந்தாத சமயமும் உண்டு. நடக்கவே தொடங்காத சிசுவின் தொடை எலும்பு தானாக முறிவதில்லை. அவ்விடத்துச் செவிலியர் வாதிடவும் வேண்டாம், குற்றஞ்சாட்டவும் வேண்டாம். கண்டதைக் கண்டபடி எழுதி, டாக்டரிடம் கூறி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிப்பது கடமை.

ஊசி போடும்போது தோன்றும் சிறு வலியையும் குறைக்க வழியுண்டு. சிசுவைத் தாயின் மார்போடு அணைத்துப் பாலூட்டிக்கொண்டே தடுப்பூசி போடலாம். பெரிய குழந்தையை மல்லாக்கக் கிடத்திப் பிடிக்காமல் மடியில் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். பல ஊசிகள் இருப்பின் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடவேண்டும். 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்த இம்முறைகளுக்குச் செலவு ஏதுமில்லை.

கேம்பல் பேயிலிருந்து ஹெலிகாப்டரிலோ கப்பலிலோ ஏற்றப்படும் குழந்தையின் சட்டையில் ஒரு சீட்டைக் குத்தி அனுப்புவது நலம். விழுந்த நேரம், குழந்தையின் எடை, கொடுத்த மருந்தும் அளவும் நேரமும், கடைசியாக உணவு உண்ட நேரம், மணிக்கொரு முறை இட்ட வலி எண், விரல்கள் கல்லும் காகிதமும் கத்தரியும் வட்டமும் காட்டினவா என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். குழந்தையின் மொழியை அறியாத மறுகரை மருத்துவருக்கு முதலில் கிடைக்கும் செய்தி அச்சீட்டே.